செய்தி சொல்லப்பட்டதா?

எனக்குப் பசித்தால் எங்கள் குடும்பத்தில் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருமுறை என் நாத்தனார் வீட்டு விசேஷத்தில், பந்தி தொடங்க நேரமாகிறதே என்று, "பசிக்குதுங்க, இலையைப் போடுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு அண்ணி?" என்று அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். வெறும் பசிதான் என்று அவளை நம்ப வைப்பதற்குள் இருந்த பசியும் போய்விட்டது.

எல்லாம் என் இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கும் ஒரு சாதனத்தால் வந்தது. தயாரித்த கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது டப்பி.

என் மகள் நிறைமதி பிறந்தபோது எனக்கு ரத்தம் நிறையப் போனது. பிழைத்துக்கொண்டேன். ஆனால் பால் சுரக்கவில்லை. எந்நேரமும் குளிர், எந்நேரமும் அசதி. இரண்டு வருடம் எல்லோரும் என்னைச் சோம்பேறி என்றார்கள். கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் சாதாரணக் காய்ச்சலில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதுதான் டாக்டர் ஜெசிந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கும்மா. பிட்யூட்டரின்னு பேரு. பிரசவத்துல ரத்தம் போனப்ப அது செத்துப்போச்சு."

"பட்டாணி செத்ததுக்கா மேடம் இந்தப் பாடு?"

அவர் சிரித்தார். "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"திருப்பூர்ல, பனியன் கம்பெனிங்க. செக்கிங் செக்சன்."

"அப்ப சுலபம். கிட்னி மேல ரெண்டு அட்ரினல் சுரப்பி இருக்கு. அதுங்கதான் கார்ட்டிசால் தைக்கற டைலருங்கன்னு வச்சுக்குங்க. டைலருங்க நல்லாத்தான் இருந்தாங்க. ஆர்டர் போடற மேனேஜர் போயிட்டாரு. ஆர்டர் வராட்டி டைலர் என்ன செய்வாங்க?"

"சும்மா உக்காந்திருப்பாங்க. பத்து நாள் பாத்துட்டு ஊரப் பாத்துப் போயிருவாங்க."

"அதேதான். சுரப்பி சுருங்கிப்போச்சு. காய்ச்சலோ அடியோ பெரிய அதிர்ச்சியோ வந்தா எல்லாருக்கும் கார்ட்டிசால் பல மடங்கு சுரந்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்கறதுக்கு ஆள் இல்லை. அழுத்தம் இறங்கினா உயிரே போயிடும்."

பத்து வருடம் மாத்திரையில் ஓட்டினேன். பிறகு இந்த டப்பி வந்தது. நாள் முழுக்க ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, வேண்டிய மருந்தைத் தானே விடும். காய்ச்சல் வந்தால் எனக்கு முன்னால் அதற்குத் தெரியும். கையைச் சுட்டுக்கொண்டால் உடனே அளவைக் கூட்டும். ஒன்றே ஒன்றுதான் அதற்கு வராது.

"துக்கம் காது வழியா வருது," என்றார் டாக்டர். "டப்பிக்குக் காது இல்லை. சேதியைக் கேட்ட நிமிசமே உடம்பு ஆடிப்போயிடும். டப்பி அப்புறம் கண்டுபிடிச்சு மருந்து விட்டு, அது வேலை செய்யறதுக்குள்ள நேரம் கடந்துடும். அதனால துக்கச் சேதி டப்பிக்கு முதல்ல போகணும், உங்களுக்கு அப்புறம்."

இதற்குப் பேர் முன்தகவல். நமக்கு வேண்டிய ஒருவரையோ இருவரையோ பதிந்து வைக்க வேண்டும். செய்தி இருந்தால் அவர்கள் தங்கள் போனில் அமுக்க வேண்டும். நிலை ஒன்று மனக்கஷ்டம். நிலை இரண்டு பெரிய இழப்பு. நிலை மூன்று சாவு. மருந்து ஏறத் தொடங்கிய பிறகு, யார் அமுக்கினார்கள், எந்த நிலை என்று மட்டும் என் போனிலும் தெரியும். நாற்பது நிமிடத்தில் மருந்து ஏறியதும், "இனி சொல்லலாம்" என்று அவர்கள் போனில் பச்சை விளக்கு வரும். அதன் பிறகு அரை மணிக்கு ஒருமுறை, "செய்தி சொல்லப்பட்டதா?" என்று கேட்கும். "ஆம்" என்றால் மருந்து மெல்லக் குறையும். "இன்னும் இல்லை" என்றால் அப்படியே தாங்கிப் பிடிக்கும். நான்கு முறை கேட்டும் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு கட்டி, தானே குறைக்கத் தொடங்கிவிடும்.

"எனக்கு வர்ற சேதி என்னைத் தவிர எல்லாருக்கும் முதல்ல தெரியணுமாங்க மேடம்?"

"அதை உயிரோட கேக்கணும்னா அப்படித்தான்."

நான் கையெழுத்துப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் லோகநாதனைத்தான் முதலில் பதிந்தோம். அந்த மனிதருக்குப் பொறுப்பைக் கொடுத்தால் தலைகால் தெரியாது. தன் தங்கை ஒரு மாதம் வந்து தங்கப்போகிறாள் என்பதைச் சொல்வதற்கு நிலை இரண்டை அமுக்கினார். மிக்ஸி ரிப்பேர் ஆனதற்கு நிலை ஒன்று. கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக் கண்டித்த பிறகுதான் அடங்கினார். "நான் உன்ற புருசனா, தகவல் ஆபீசாடி?" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். பாவம், அதுவும் நியாயம்தான்.

மருந்து ஏறினால் எனக்கு அகோரமாகப் பசிக்கும். அதுதான் அதன் குணம். ஆக, எந்தத் துக்கமும் எனக்குத் துக்கமாக வருவதில்லை. முதலில் வயிறு கூவும். பிறகுதான் ஆள் வரும்.

அப்பா செத்தபோது மட்டும் பசிக்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் சாவு என்று சொல்வதில்லை. "கொஞ்சம் முடியல, கெளம்பி வா" என்பார்கள். வழியில் பதறக்கூடாது, வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். அன்று காங்கேயத்தில் என் பிறந்த வீட்டில் இருந்த லோகநாதன் அமுக்கப் போயிருக்கிறார். சித்தப்பாவும் மாமாவும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மெசின்ல போட்டா புள்ளைக்குத் தெரிஞ்சு போயிருமில்லீங்க மாப்ளே? பஸ்ல தனியா வர்றா. வந்து எறங்கட்டும்." இவரும் பெரியவர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பசிக்கவில்லை. அதனால் அப்பாவுக்கு நிஜமாகவே கொஞ்சம்தான் முடியவில்லை என்று நம்பினேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, காங்கேயத்தில் இறங்கி, வீட்டு முனையில் திரும்பினேன். பந்தலைப் பார்த்தேன். அவ்வளவுதான் ஞாபகம். ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் கிடந்தேன். அப்பா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கொள்ளி வைத்த கையோடு என் தம்பி யுவராஜ் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தானாம். கண் விழித்த அன்று அவன் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"அக்கா, உன்ற டப்பியில என்ற பேரையும் போடு. இனிமே எது நடந்தாலும் நான் அமுக்கறேன். எவன் கையப் புடிச்சாலும் சரி, நான் அமுக்கிப்போட்டுத்தான் மறு வேலை."

யுவராஜ் என்னைவிட நான்கு வயது இளையவன். காங்கேயத்தில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். எத்தனையோ பெண் பார்த்தும் அமையாமல், முப்பத்தெட்டு வயதில் அம்மாவோடு தனியாக இருந்தான். பேச்சுத்தான் முரடு, செய்வதில் சுத்தம். அதற்குப் பிறகு வந்த மூன்று சாவுக்கும் அவன்தான் அமுக்கினான். பெரியப்பா எழவு வீட்டில் நான் பசி தாங்காமல் பன்னைப் பிய்த்துத் தின்றதைப் பார்த்து, "எழவு வீட்டுல தின்னுட்டு உக்காந்திருக்கா பாரு, கல்நெஞ்சுக்காரி" என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். யுவராஜ் நேராகப் போய், "அது மருந்து பண்ற பசிங்க. உங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரட்டுங்களா?" என்றான். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கை நடுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, இரண்டு மணி நேரம் "இன்னும் இல்லை" என்றே அமுக்கிக்கொண்டிருந்தான்.

இன்றைய கதைக்கு வருகிறேன்.

காலை பத்தேகால் மணி. எங்கள் கம்பெனியில் இப்போது கேமராதான் தைத்து வந்த பீஸைப் பார்க்கிறது. அது சந்தேகப்பட்டு ஒதுக்குவதை நாங்கள் நாலு பெண்கள் பார்ப்போம். கறையா நிழலா என்று ஒரு பீஸை வெளிச்சத்தில் பிடித்திருந்தேன். வயிறு கூவியது. அலட்சியம் செய்தேன். மறுபடி கூவியது. பீஸை வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

பக்கத்து டேபிள் மும்தாஜ் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, மணி பத்தேகால்தான் ஆகுது."

"தெரியும்."

அவள் கையிலிருந்த கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தாள். நான் போனைப் பார்த்தேன். 'முன்தகவல். நிலை மூன்று. தகவல் அளித்தவர்: யுவராஜ். நேரம் 9.52.'

முதலில் வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அமுக்கியவன் யுவராஜ், ஆக அவன் நன்றாக இருக்கிறான். உடனே நிறைமதியைக் கூப்பிட்டேன். மதுரையில் ஹாஸ்டலில் இருந்து, "கிளாஸ்ல இருக்கேம்மா" என்று கிசுகிசுத்தாள். லோகநாதனைக் கூப்பிட்டேன். "வந்துட்டே இருக்கேன்" என்று வைத்துவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. யுவராஜ் எடுக்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. மதியத்துக்குக் கொண்டுவந்த சோறு முழுவதையும் அங்கேயே தின்று முடித்தேன். மும்தாஜ் தன் டப்பாவையும் என் பக்கம் தள்ளினாள். அழுதுகொண்டே அதையும் தின்றேன்.

பதினொரு மணிக்கு லோகநாதன் கேட்டில் காரோடு நின்றார்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். கெளம்பு கவி."

இந்தப் பேச்சை எனக்குப் படிக்கத் தெரியாதா? 'கொஞ்சம் முடியல' என்றால் முடிந்துவிட்டது. 'சீரியஸ்' என்றால் குளிப்பாட்டியாகிவிட்டது. நாற்பத்திரண்டு வருடமாக இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன்.

"மறைக்காதீங்க மாமா. யுவராஜ் அமுக்கிட்டான். நெலை மூணு. அம்மா போயிட்டாங்கதானே?"

அவர் வண்டியை எடுத்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சண்டை போட்டிருந்தேன். கண் ஆபரேஷனுக்கு நாள் வாங்கி வைத்தால், ஆடி போகட்டும், ஆவணி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். "அப்ப குருடியாவே இரு, எனக்கென்ன" என்று போனை வைத்தேன். அதுதான் கடைசிப் பேச்சு என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெந்தது. என் உடம்பு மட்டும் ஆடாமல் அசையாமல் கம்மென்று இருந்தது. நாடி ஒழுங்காக அடித்தது. கை சூடாக இருந்தது. என் துக்கத்துக்கும் எனக்கும் நடுவில் யாரோ நின்று தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா மாமா, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான். நீங்க எல்லாரும் கூடி மறைப்பீங்கன்னு அவனுக்குத் தெரியும். யாரையும் கேக்காம அமுக்கிட்டான்."

"ம்."

"அவன நெனச்சாத்தான் பகீர்னு இருக்கு. இனி அந்த வீட்டுல அவனுக்குன்னு யாரு? சமைச்சுப் போடக்கூட ஆள் இல்ல. காரியம் முடிஞ்சதும் நம்மகூட கூட்டிட்டு வந்துரலாமா? மொட்டை மாடி ரூம் சும்மாதானே கெடக்குது."

"கூட்டிட்டு வரலாம்," என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

படியூர் தாண்டி ஒரு பேக்கரியில் நிறுத்தச் சொன்னேன். இரண்டு முட்டை பப்ஸ், ஒரு தேங்காய் பன், டீ. நின்றபடியே தின்றேன். அவர் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்மினார்.

எனக்கு ஆச்சரியம். "என்னங்க இது! எங்கம்மா கையால காப்பி குடிச்சா ஆகாதுன்னு சொன்ன ஆளு நீங்க. இருந்தப்ப ரெண்டு வார்த்தை நல்லாப் பேசியிருந்தா அவங்களும் சந்தோசப்பட்டிருப்பாங்க."

நான் மறுபடி யுவராஜைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டான் கவி."

"எப்படி எடுப்பான்? ஒத்தை ஆளா ஆயிரம் வேலை பாத்துட்டிருப்பான்."

வீட்டு முனையில் திரும்பும்போது மணி பன்னிரண்டு பத்து. ஆறு வருடத்துக்கு முன்பு நான் விழுந்த அதே இடம். பந்தல் போட்டிருந்தது. சேர்கள் வரிசையாக, பிசகில்லாமல், நடுவில் வழிவிட்டுப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு சேரின் முதுகிலும் மஞ்சள் பெயின்ட்டில் 'யுவா'.

"அவனே வந்து போட்டுட்டான் பாருங்க," என்றேன். "பெத்தவளுக்கும் அவனேதான் போடணும்னு இருக்குது."

கார் நின்றது. கதவைத் திறந்து இறங்கினேன். வாசலில் பெண்கள் விலகினார்கள். உள்ளேயிருந்து தலைமுடி அவிழ்ந்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தபடி அம்மா வெளியே வந்தாள்.

அம்மா வந்தாள்.

என் மனசில் முதலில் ஓடியது சந்தோஷம்தான். ஒரு நொடி. அம்மா உயிரோடு இருக்கிறாள், கண் ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவளுக்குப் பின்னால், கூடத்தில் படுக்க வைத்திருந்த கால்கள் தெரிந்தன. இடது பெருவிரலில் நகம் இல்லை. சின்ன வயதில் பந்தல் கம்பு விழுந்து போன நகம்.

"என்ற சாமி," என்று அம்மா என் மேல் சாய்ந்தாள். "உன்ற தம்பி போயிட்டான் கண்ணு."

எல்லோரும் என்னைப் பிடிக்க ஓடி வந்தார்கள். சித்தப்பா ஸ்ட்ரெச்சர்கூடச் சொல்லி வைத்திருந்தார். நான் விழவில்லை. நின்றுகொண்டே கத்தினேன். அப்பாவுக்கும் சேர்த்துக் கத்தினேன். கத்தி முடித்துப் பார்த்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"அவன் அமுக்கினானேம்மா," என்றேன். "ஒம்பது அம்பத்தி ரெண்டுக்கு அவன்தானே அமுக்கினான்!"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பந்தல் கம்பி எறக்கிட்டிருந்தவன் நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டான். ஆம்புலன்சுல ஏத்தினதும் போனக் குடுன்னான். நெஞ்சு மேல வச்சு நோண்டிட்டே இருந்தான். இந்த நேரத்துல என்னடா போனுன்னு நான் புடுங்கப் போனேன் கண்ணு. கையத் தட்டிவிட்டுட்டு, 'இரும்மா, அக்காவுக்கு'ன்னான். யாரையோ கூப்புடறான்னு நெனச்சேன். அப்புறம் பேசவே இல்ல."

லோகநாதன் பின்னால் நின்றிருந்தார். "சேதி வந்ததும் நான் அமுக்கத்தான் போனேன் கவி. இந்தத் தடவை யார் சொல்லியும் கேக்கறதில்லன்னு இருந்தேன். ஏற்கெனவே தகவல் இருக்குதுன்னு வந்துச்சு. அவன் பேரு. நேரத்தைப் பாத்தேன். அவன் போனது பத்து அஞ்சுக்கு."

நான் உள்ளே போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தேன். இந்த முறை பார்த்தேன். காலையில் சவரம் செய்திருக்கிறான், காதுக்குக் கீழே கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அமுக்கியவன் பெயரைப் பார்த்து நிம்மதிப்பட்டேனே என்று நினைத்தபோது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. சண்டாளி, அவன் உயிரோடு இருந்த கடைசி அரை மணியில் நான் பீஸில் கறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிறு கூவியது. அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பசிக்குதா கண்ணு?" என்றாள் அம்மா.

எழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அம்மா எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "என்ற புள்ளைக்குப் பசிக்குது. சோறு கொண்டா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை சுவரோரமாகக் கிடந்தது. அவன் சட்டை, பர்ஸ், செருப்பு. அதற்குள் ஏதோ அதிர்ந்தது. "காலையில இருந்து இது ஒண்ணு, விட்டு விட்டு உறுமிட்டே இருக்குது," என்றார் சித்தப்பா. "எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

பையைத் திறந்து போனை எடுத்தேன். மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு. பூட்டைத் திறக்காமலே பதில் சொல்லும்படி திரையில் கேள்வி நின்றது. நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

'செய்தி சொல்லப்பட்டதா?'

கீழே இரண்டு கட்டம். கண்ணாடியில் அவன் கட்டைவிரல் ரேகை, பந்தல் கம்பியிலிருந்து ஒட்டிய துருவோடு, அழியாமல் இருந்தது. அதன் மேல் படாமல் என் விரலைக் கொண்டுபோனேன்.

'இன்னும் இல்லை' என்பதை அமுக்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். அம்மா ஒரு சேரை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள். அதில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தேன்.